சத்தமே இல்லாம கிளம்பிடும் ஹைப்ரிட் கார்... திருடனுக்கும்தான்! யானைக்கவுனி தெருவுல நிறுத்துறவங்க கவனிங்க

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கார் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பாருங்கள். அங்கிருந்து கார் நிற்கும் இடம் வரை எத்தனை அடி என்று எண்ணுங்கள்.

யானைக்கவுனி, சவுகார்பேட்டை, மின்ட் தெரு பக்கம் வீடு என்றால் அநேகமாகப் பத்து, பதினைந்து அடிதான் வரும். கதவைத் திறந்தால் தெரு, தெருவிலேயே கார். நிலைக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணி. போர்ட்டிகோ, கேட், வாட்ச்மேன் எல்லாம் அண்ணா நகர்க்காரர்கள் சமாச்சாரம். உங்கள் கார் ஹைப்ரிட் என்றால் அந்தப் பத்தடிதான் பிரச்னையே.

'கவுனி' என்றாலே கோட்டை வாசல். 18-ம் நூற்றாண்டில் ஹைதர் அலி படைக்குப் பயந்து கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதில் கட்டிய செலவுக்கு மக்கள் தலையில் வரி போடப் பார்த்தார்கள்; வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். மதிலும் போச்சு, வாசலும் போச்சு. இப்போ அதே ரோட்டில் பார்சல் லாரிகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் காரைச் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

ஹைப்ரிட்டுக்கு மட்டும் என்ன தனி பயம்?

2022-ல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசையாக வந்தன. 2023-ல் மாருதி இன்விக்டோ. இவை எல்லாவற்றிலும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் உண்டு. அதாவது பெட்ரோல் இன்ஜினோடு, காரைத் தனியாகவே நகர்த்தும் அளவுக்கு ஒரு மோட்டாரும் பேட்டரியும்.

ஹைப்ரிட் வாங்கும் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, "அந்தப் பெரிய பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிட்டா?" உண்மையில் அது அவ்வளவு சுலபமில்லை. காருக்குள்ளே போல்ட் போட்டு இறுக்கிய கனமான பெட்டி அது. ஆரஞ்சு கலர் ஒயர்களில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம். தெரியாமல் கைவைத்தால் ஆளே காலி. தெருவில் நின்று ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலை அல்ல.

கவலைப்பட வேண்டியது சாவியைப் பற்றி. பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் கார் தயார். ஆனால் இன்ஜின் சத்தம் வராது; டேஷ்போர்டில் 'ரெடி' என்று ஒரு விளக்கு மட்டும் எரியும். சாதாரண காரை யாராவது கிளப்பினால் 'நம்ம வண்டி சத்தமாச்சே' என்று தூக்கத்திலிருந்து எழுந்து பார்க்கும் அப்பாக்கள் உண்டு. ஹைப்ரிட் மோட்டாரில் நகர்ந்தால் அந்த இன்ஜின் சத்தம் கேட்காது.

இந்த அமைதியால் நம்ம பக்கமும் ஒரு தப்பு நடக்கும். டீக்கடை ஓரமாக நிறுத்துகிறீர்கள். இன்ஜின் ஓடவில்லை, சத்தம் இல்லை. ஆஃப் பண்ணிட்டோம் என்று நினைத்து இறங்கிவிடுகிறீர்கள். 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. சாவி தூரம் போனால் கார் கீ கீ என்று கத்தும். ஆனால் தானாக நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் கார் சாவி இல்லை என்பதற்காக நடுரோட்டில் நின்றால் விபத்தாகும் என்பதால் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். யாராவது ஏறி உட்கார்ந்தால், ஆஃப் செய்யாதவரை, டேங்க்கில் பெட்ரோல் இருக்கும்வரை ஓட்டிப் போகலாம். இறங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்காதீர்கள், விளக்கைப் பாருங்கள். புது ஹைப்ரிட் வாங்கிய முதல் மாதம் இந்தப் பழக்கம் வருவது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆணியில் தொங்கும் சாவி

ஸ்மார்ட் சாவி ஒரு குட்டி ரேடியோ. நீங்கள் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் 'யாரு?' என்று கேட்கும், பாக்கெட்டில் இருக்கும் சாவி 'நான்தான்' என்று பதில் சொல்லும். ஒன்றிரண்டு மீட்டருக்குள் நடக்கும் பேச்சு இது. திருடர்கள் இரண்டு பேராக வந்து, ஒருவன் கார் பக்கத்திலும் இன்னொருவன் உங்கள் வாசல் பக்கத்திலும் கருவியோடு நின்றால், இந்தப் பேச்சை அஞ்சல் பண்ணிவிடலாம். ஆணியில் தொங்கும் சாவியே பாக்கெட்டில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். இதற்குப் பெயர் ரிலே திருட்டு. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் பல வருடங்களாக நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்தது. பெரும்பாலானவை ஏமாந்தன.

இதற்கு எதிரான வைத்தியம் மலிவானது. முதலில் ஆணியை மாற்றுங்கள். சாவி வீட்டின் கடைசி அறைக்குப் போகட்டும். ஒற்றை அறை வீடு, பின்பக்கமும் தெரு என்றால் சிக்னலைத் தடுக்கும் உறை இருக்கிறது, ஆன்லைனில் சில நூறு ரூபாய். வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். சாவியை உறைக்குள் போட்டு, கார் கதவை ஒட்டி நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் உறை வேஸ்ட். நாள்பட்டால் உள்ளே இருக்கும் உலோகப் படலம் கிழியும். மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஸ்பேர் சாவியை மறந்துவிடாதீர்கள். பீரோவில் சும்மா கிடந்தாலும் அதுவும் 'நான்தான்' என்று பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

டொயோட்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளில் காசு செலவில்லாத ஒரு வழியும் உண்டு. லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக் பட்டனை இரண்டு முறை அழுத்தினால், சாவியிலுள்ள விளக்கு நாலு முறை மினுக்கும். பேட்டரி சேமிப்புக்கான வசதி அது. சாவி தூங்கிவிடும், யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் எழுந்துகொள்ளும். உங்கள் சாவியில் இது உண்டா என்று காரோடு கொடுத்த கையேட்டில் பாருங்கள். ஆமாம், கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கிறதே, அந்தப் புத்தகம்தான்.

கனடாவில் நடந்தது

'இதெல்லாம் சினிமாவுல வரும் பாஸ்' என்று தோன்றினால், டொரன்டோவில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு வாட்ஸ்அப் கால் போடுங்கள். நம் தமிழர்கள் நிறைய பேர் வாழும் அந்த வட்டாரத்தில் சில வருடங்களாகக் கார் திருட்டுதான் பெரிய தலைவலி. 2024 பிப்ரவரியில் கனடா அரசு ஒட்டாவாவில் கார் திருட்டுக்கென்றே ஒரு தேசிய மாநாடு நடத்தியது. அதே ஏப்ரலில், மான்ட்ரியல் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்குள் இருந்து 598 திருட்டு வாகனங்களை மீட்டதாக போலீஸ் அறிவித்தது. வீட்டு வாசலில் நின்ற கார், சில நாளில் கப்பல் ஏறத் தயாராக இருந்திருக்கிறது. சாவிக்காகத் திருடர்கள் வீட்டுக்குள்ளேயே நுழையத் தொடங்கியதால், 2024 மார்ச்சில் டொரன்டோ போலீஸ்காரர் ஒருவர் 'சாவியை முன்வாசலிலேயே வைத்துவிடுங்கள்' என்று மக்கள் கூட்டத்தில் ஆலோசனை சொல்ல, அது உலகம் முழுக்க விவாதமானது.

அந்த ஆலோசனையை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நியாயம் புரிகிறது. சாவி கேட்டு யாராவது மிரட்டினால் கொடுத்துவிடுங்கள். கார் இன்னொன்று வாங்கலாம்.

பம்பர் இழுத்திருந்தா சும்மா விடாதீங்க

லண்டனில் இயான் டேபர் என்ற சைபர் பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ஆர்ஏவி4 காருக்கு 2022-ல் ஒரு வினோதம் நடந்தது. ஒருநாள் காலையில் முன்பம்பர் இழுக்கப்பட்டு, ஹெட்லைட் ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது. யாரோ விஷமிகள் வேலை என்று நினைத்தார். பிறகு இன்னொரு முறையும் அதே மாதிரி. ஜூலையில் காரே காணோம்.

பிறகு கென் டிண்டெல் என்ற இன்னொரு நிபுணரோடு சேர்ந்து என்ன நடந்தது என்று தோண்டினார். 2023 ஏப்ரலில் முடிவு வெளியானது. ஹெட்லைட் வரைக்கும் ஓடும் ஒயர், காரின் உள் தகவல் வலைப்பின்னலின் ஒரு கிளை. அதில் ஒரு கருவியைச் சொருகி, 'சரியான சாவி இங்கே இருக்கிறது' என்று காருக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள். கருவி பார்க்க ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரியே இருந்தது. இந்த வகைத் திருட்டுக்கு சாவி எங்கே இருக்கிறது என்பதே முக்கியமில்லை. உறையும் உதவாது, உள் அறையும் உதவாது.

இந்தக் கதையில் நமக்கான விஷயம் அந்தப் பிடுங்கப்பட்ட பம்பர்தான். நம்ம ஊரில் காரில் புதுக் கீறலோ, தொங்கும் பம்பரோ பார்த்தால் என்ன சொல்வோம்? 'எவனோ பைக்காரன் இடிச்சுட்டுப் போயிட்டான்.' பத்தில் ஒன்பது முறை அது சரிதான். ஆனால் பம்பர் ஓரம் வெளியே இழுத்த மாதிரி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் கழன்ற மாதிரி, ஹெட்லைட் ஒயர் தொங்குகிற மாதிரி இருந்தால் அது இடித்த அடையாளம் இல்லை. போட்டோ எடுங்கள், பக்கத்துக் கடை கேமராவைக் கேளுங்கள், அன்றிரவே காரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வழக்கமாக நிறுத்தும்போதும் முடிந்தால் காரின் மூக்கைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். முன்பக்கம் கை போக இடம் இருக்கக் கூடாது. சவுகார்பேட்டைச் சந்துகளில் இடமில்லாமையே இதற்கு உதவும் என்பது ஒரு ஆறுதல்.

மூன்றாவது வழி, ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கத்தில் இருக்கும் ஓ.பி.டி சாக்கெட். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டுவார்களே, அதுதான். உள்ளே நுழைந்தவன் அதில் ஒரு கருவியை மாட்டிப் புதுச் சாவி பதிவு செய்ய முடியும். டெல்லி போலீஸ் பிடித்த கும்பல்கள் சிலரிடம் இந்த மாதிரி டேப்லெட்டுகள் இருந்திருக்கின்றன. அந்த சாக்கெட்டைப் பூட்டி வைக்கும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஹைப்ரிட் வாங்கினால், சர்வீஸ் சென்டரில் பழைய சாவிப் பதிவுகளை அழித்து, உங்கள் கையில் இருக்கும் சாவிகளை மட்டும் திரும்பப் பதியச் சொல்லுங்கள். முன்னாள் ஓனரின் டிரைவரிடம் ஒரு சாவி இருக்கலாம் இல்லையா?

தாத்தா காலத்து இரும்புதான் ராஜா

இவ்வளவு எலெக்ட்ரானிக்ஸ் பேசிவிட்டு நான் சிபாரிசு செய்யப்போவது ஒரு இரும்புத் தடி. ஸ்டீயரிங் லாக். ஓரிரண்டாயிரம் ரூபாயில் நல்லதே கிடைக்கும். ரிலே, ஹெட்லைட் ஒயர், ஓ.பி.டி எந்த வழியில் கார் 'ரெடி' ஆனாலும், ஸ்டீயரிங் திரும்பாவிட்டால் யானைக்கவுனிச் சந்தில் ஒரு வளைவைக்கூடத் தாண்ட முடியாது. அறுக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அறுக்க நேரம் ஆகும், சத்தம் வரும். சத்தமில்லாத காருக்கு இதைவிட நல்ல அலாரம் இல்லை. கியர் லாக் வாங்கும்முன் யோசியுங்கள். ஹைப்ரிட்டுகளில் கியர் எலெக்ட்ரானிக் என்பதால் பல மாடல்களுக்குப் பொருந்தாது.

ஜி.பி.எஸ் டிராக்கர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ 'அஞ்சு நிமிஷம் சார், ஒயரைக் கட் பண்ணி மாட்டிடலாம்' என்பார்கள். ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரியைத் தவிர சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. இன்ஜினைச் சுற்ற வேண்டிய வேலை இல்லாததால் பெரும்பாலும் சின்னதாகத்தான் வைப்பார்கள். கண்ட ஒயரில் மாட்டிய டிராக்கர், டேஷ்கேம் எல்லாம் ராத்திரி முழுக்க அதை உறிஞ்சும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கதவே திறக்காது, கார் 'ரெடி'யும் ஆகாது. திருடனிடமிருந்து காப்பாற்றிய கார், உங்களிடமிருந்தும் தப்பித்துவிடும்! ஒயரை வெட்டினால் வாரன்டி சண்டை வேறு. ஹைப்ரிட் பேட்டரிக்கு மாருதியும் டொயோட்டாவும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன, அதை ஒரு டிராக்கருக்காகப் பணயம் வைக்காதீர்கள். சொந்த பேட்டரியோடு வரும் டிராக்கரை வாங்கி, யாரும் யோசிக்காத இடத்தில் ஒளித்து வையுங்கள். கார் கம்பெனியின் கனெக்டட் ஆப்பில் ஏற்கெனவே டிராக்கிங் இருந்தால், அதன் இலவச சந்தா முடிந்துவிட்டதா என்று இன்றே திறந்து பாருங்கள்.

சைலன்சர் பக்கமும் ஒரு வார்த்தை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்காகவே பழைய பிரியஸ் ஹைப்ரிட்டுகளின் அடிவயிற்றை அறுத்தார்கள். நம்ம நாட்டில் இந்தத் திருட்டுக்குப் பேர் போனது மாருதி ஈகோ. குஜராத், மகாராஷ்டிராவில் கும்பல் கும்பலாகப் பிடிபட்டார்கள். காலையில் காரை எடுக்கும்போது திடீரென டிராக்டர் மாதிரி உறுமினால், குனிந்து பாருங்கள்.

கார் போகும்... இ.எம்.ஐ போகாது

இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கார் திருடு போன மறுமாதமும் வங்கி தவணையை எடுக்கும். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஷோரூம் விலை 18 லட்சம் ரூபாய் உள்ள ஹைப்ரிட். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு சாலை வரி 18%, அதாவது 3.24 லட்சம். இன்ஷூரன்ஸும் சேர்த்தால் 21 லட்சத்தைத் தாண்டிவிடும். இதில் 16 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருடம். இரண்டு வருடம் முடிந்த சில நாளில் கார் காணாமல் போகிறது. இன்ஷூரன்ஸ் தருவது ஐ.டி.வி எனப்படும் மதிப்பு மட்டும்தான். வழக்கமான அட்டவணைப்படி இரண்டு வருடம் தாண்டிய காருக்கு 30% தேய்மானம். 18 லட்சத்தில் 12.6 லட்சம். வங்கிக்கு அப்போது பாக்கி சுமார் 12.4 லட்சம். உங்கள் கைக்கு வருவது இருபதாயிரம் சொச்சம். டவுன் பேமென்ட், சாலை வரி, 24 மாதத் தவணை எல்லாம் போச்சு.

அதனால் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் கவரைப் பாலிசியில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கார் முழுசாகப் போனால் ஐ.டி.வி-க்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அது ஈடுகட்டும். முதல் சில வருடங்களுக்கு மட்டுமே கிடைக்கும். சாலை வரியும் அதில் அடங்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிட மோசமான குழி ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி கட்டாயம். ஆனால் நம் காருக்கான ஓன் டேமேஜ் கவர் பலருக்கு முதல் வருடம் மட்டும்தான். 'மூணு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கே' என்று இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விடுவார்கள். தேர்டு பார்ட்டியில் திருட்டுக்குப் பத்துப் பைசா கிடைக்காது. போனில் பாலிசி பி.டி.எஃப் இருக்கும், ஓன் டேமேஜ் முடியும் தேதியைப் பாருங்கள்.

போயே போச்சு... இப்போ?

முதலில் டோயிங் செய்திருக்கிறார்களா என்று டிராஃபிக் போலீஸிடம் கேளுங்கள். இல்லை என்றால் உடனே 100 அல்லது 112. டிராக்கர் இடம் காட்டினால் நீங்களே பைக்கில் துரத்தாதீர்கள். அந்த லொக்கேஷனை போலீஸிடம் கொடுங்கள்.

யானைக்கவுனியில் போனால் யானைக்கவுனி ஸ்டேஷன். 'இது எங்க எல்லை இல்லை' என்று யாராவது சொன்னால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 173-வது பிரிவைச் சொல்லுங்கள்: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் தரலாம். மின்னணு வழியாகக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். சென்னை போலீஸிடம் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்களோடு திருட்டு வாகனப் பட்டியலை இணைக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் நம்பர் எவ்வளவு சீக்கிரம் அதில் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மெயில் போடுங்கள். தாமதமானால் கிளைம் போச்சா? 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. டிராக்டர் திருடு போன அன்றே எஃப்.ஐ.ஆர் போட்டவர், இன்ஷூரன்ஸுக்கு 52 நாள் கழித்துத்தான் சொன்னார். எஃப்.ஐ.ஆர் உடனே போட்டிருந்தால், கிளைம் உண்மையாக இருந்தால், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதற்காக 52 நாள் காத்திருக்க வேண்டாம்.

கிளைமுக்கு ஆர்.சி., பாலிசி, எஃப்.ஐ.ஆர்., காரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்று, ஆர்.டி.ஓ படிவங்கள், கடன் இருந்தால் வங்கியின் கடிதம் எல்லாம் கேட்பார்கள். கூடவே இரண்டு சாவிகளும். ஒரு சாவி தொலைந்திருந்தால், 'காரிலேயே விட்டுட்டுப் போனீங்களா?' என்ற கேள்வி வரும், மாதக்கணக்கில் இழுக்கும். ஸ்பேர் சாவி எங்கே என்று இப்பவே தெரியவில்லை என்றால், தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் போலீஸில் தொலைந்ததாகப் புகார் பதிந்து, இன்ஷூரன்ஸுக்கும் சொல்லி, அந்தச் சாவியின் பதிவை சர்வீஸ் சென்டரில் அழித்துவிட்டு அதற்கான பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கடை கேமராக்கள் பெரும்பாலும் 15 நாளோ ஒரு மாதமோதான் பதிவை வைத்திருக்கும், அதன் மேலேயே புதுசு எழுதிவிடும். மின்ட் தெருவில் ஷட்டர் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். இதைவிட, கார் பத்திரமாக இருக்கும்போதே எந்தக் கடைக் கேமரா உங்கள் பார்க்கிங்கைப் பார்க்கிறது என்று தெரிந்து வைத்து, அந்த அண்ணாச்சியிடமோ சேட்ஜியிடமோ ஒரு வணக்கம் போட்டு வையுங்கள்.